சவூதியிலிருந்து வந்த அளவு

சட்டையின் கழுத்துக்குள் ஒரு முட்டை இருந்தது. தம்பியின் சேட்டுக் கழுத்துக்குள்ளும் அதே முட்டை. சின்ன வெள்ளைத் துணித் துண்டில் கறுப்பு நூலால் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஏதோ அறபு எழுத்து. முட்டை என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியும். முதலாம் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாட்களிலேயே கணக்குப் பாடத்தில் ஒன்று வாங்கியிருந்தேன். சவூதியிலிருந்து உம்மா எங்களுக்கு ஆளுக்கொரு முட்டை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து முகம் வாடிப்போனேன்.

அது முட்டையில்லை, அறபு ஐந்து என்று சாச்சி சொன்னார். உம்மாவின் தங்கை அவர். உம்மா போன பிறகு எங்களை வளர்த்தவர். சாச்சிக்கு அறபு ஓதத் தெரியும், பொருள் தெரியாது. ஐந்துக்குப் பக்கத்தில் இருந்ததை 'ஸனவாத்' என்று ராகத்தோடு ஓதிக் காட்டினார். வருடங்கள் என்று அதற்கு அர்த்தம் என்பதை நான் அறிந்துகொண்டது வெகு காலத்துக்குப் பிறகு. அன்று நாங்கள் எல்லோரும் அதை ஏதோ ஒரு துஆவின் துண்டு என்றே எடுத்துக்கொண்டோம்.

நானும் தம்பியும் ஒரே வயிற்றில் ஒன்றாக இருந்தவர்கள். நான் முதலில் வந்தேன், அதனால் ராத்தா. எனக்குப் பின்னால் வந்த குற்றத்துக்காக அவன் தம்பி. எங்களுக்கு மூன்று வயதாக இருக்கும்போது உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். வாப்பா சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்தார். மாலையில் சாய்ந்தமருதுக்கு வரும்போது அவருடைய தலைமயிரும் புருவமும் தவிட்டு நிறத்தில் இருக்கும். உம்மாவின் முகம் எனக்கு அல்மாரிக் கண்ணாடியில் செருகியிருந்த படத்தில் மட்டும்தான் தெரியும். தம்பிக்கு அதுவும் சந்தேகம். படத்தில் இருப்பது சாச்சி என்று அவன் கொஞ்ச நாள் சாதித்தான்.

அந்த வருடம் நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், சவூதியிலிருந்து லீவில் வந்த எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி உம்மா கொடுத்துவிட்ட பார்சலைக் கொண்டுவந்து தந்தார். சவர்க்காரம், பால்மா, சாச்சிக்கு ஒரு முக்காட்டுத் துணி. தம்பிக்குக் கோடு போட்ட சேட்டும் நீலக் களிசானும். எனக்கு ரோஜா நிறத்தில் ஒரு சட்டை. எங்கள் ஊரில் பெண்பிள்ளை போடுவதுதான் சட்டை, ஆண்பிள்ளை போடுவது சேட்டு. என் சட்டையின் நெஞ்சில் சிறு சிறு மணிகள், இடுப்பில் நாடா, கையில் பலூன் போல ஊதிய சுருக்கு. அதைத் தொட்டால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். பெருநாளைக்கு இருவரும் இதைப் போட்டுக்கொண்டு படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று உம்மா சொல்லிவிட்டிருந்தார். அந்தப் பெண் இதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

தம்பிக்குப் போட்டுப் பார்த்தார்கள். சேட்டு அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. களிசான் இடுப்பில் நிற்கவில்லை. அது பரவாயில்லை, வளருவான் என்றார்கள். பிறகு என் முறை. சட்டை தலைக்கு மேலே வந்தது, காதைத் தாண்டியது, தோளில் நின்றுவிட்டது. சாச்சி இழுத்தார். நான் கையைத் தூக்கியபடி ரோஜா நிற இருட்டுக்குள் நின்றேன். உள்ளே புதுத் துணி வாசனை. வெளியே சாச்சியின் குரல் கேட்டது.

"மூச்சப் புடிச்சிக்க புள்ள."

பிடித்தேன். போகவில்லை. விட்டேன். அப்போதும் போகவில்லை. எங்கேயோ ஒரு நூல் அறுகிற சத்தம் கேட்டதும் சாச்சி பயந்து சட்டையை உருவி எடுத்துவிட்டார்.

வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி, அன்று வந்திருந்தார். அவர் என்னைத் திருப்பி நிறுத்தி முதுகைத் தட்டிப் பார்த்தார். சந்தையில் மாடு பார்ப்பவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.

"இவளுக்கு எங்கட காக்காட தோள். ஆம்புளத் தோள்" என்றார். காக்கா என்றது தன் அண்ணனை, எங்கள் வாப்பாவை. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தன் குடும்பத்துத் தோள் என்று கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கலாம். பிறகு தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சொல் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

எனக்கு விளங்காமல் போனது இதுதான். சட்டையில் ஐந்து என்று இருந்தது. எனக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. தம்பிக்கும் அதேதான், ஒரே நாளில். சவூதியில் அறபு எழுத்தில் எழுதி அனுப்பிய ஒன்று பிழையாக இருக்க முடியாது. அறபில் எழுதிய எதையும் நாங்கள் காலால் மிதிக்கமாட்டோம், கீழே கிடந்தால் எடுத்து முத்தமிட்டு உயரத்தில் வைப்போம். ஆகவே பிழை சட்டையில் இல்லை. என்னில்தான் இருக்க வேண்டும். ஐந்து வயதுப் பெண்பிள்ளை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அங்கே யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், அந்தக் கணக்குக்கு நான் வெளியே நிற்கிறேன்.

மறுநாள் சாச்சி கிணற்றடியில் இருந்தபோது நாங்கள் புது உடுப்பு வைத்திருந்த பெட்டியைத் திறந்தோம். யோசனை தம்பியுடையது. நான் அவனுடைய சேட்டை என் உடுப்புக்கு மேலேயே போட்டுப் பார்த்தேன். தோள் சரியாகத் தோளில் வந்து உட்கார்ந்தது. எனக்கென்றே வெட்டியது போல இருந்தது. அவன் என் சட்டையை எடுத்துத் தலைவழியாகப் போட்டான். அது வழுக்கிக்கொண்டு இறங்கி முழங்காலில் நின்றது. சுருக்கு வைத்த கைகளை அவன் ஆட்டிப் பார்த்தான். மணிகள் மின்னின. நாங்கள் இருவரும் அல்மாரிக் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலில் பேசியவன் அவன்தான். "அப்ப ராத்தாதான் ஆம்புளப் புள்ள" என்றான்.

அவன் முகத்தில் துக்கம் இல்லை. பெரிய நிம்மதி இருந்தது. அது ஏனென்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. பெருநாள் கழிந்து பள்ளி லீவு விட்டதும் அவனுக்குச் சுன்னத்து வைக்கப்போவதாக வீட்டில் பேச்சு இருந்தது. அடுத்த வீட்டுப் பையனுக்கு வைத்தபோது அவன் அழுதது கடல் வரைக்கும் கேட்டது. அதிலிருந்து தம்பி, சுன்னத்து வைக்கிற ஒஸ்தா மாமா ரோட்டில் சைக்கிளில் போவதைக் கண்டாலே வீட்டுக்குள் ஓடிவிடுவான். இப்போது உம்மா அனுப்பிய உடுப்பே அவனுக்கு ஒரு வழி காட்டியிருந்தது. சுன்னத்து ஆண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை யார் என்பது தோளில் தெரிந்துவிட்டது.

இப்போது எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்முனைக் கடைகளில் உடுப்பு எடுக்கும்போது ஐந்து வயதுச் சேட்டையும் ஐந்து வயதுச் சட்டையையும் மேசையில் போட்டுத் தோளோடு தோள் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அநேகமாக எப்போதும் சட்டையின் தோள் ஒடுங்கித்தான் இருக்கும். ஆண்பிள்ளைக்கு ஓடி ஏறி விழுந்து எழும்ப இடம் விட்டு வெட்டுகிறார்கள். பெண்பிள்ளை அழகாக நிற்பாள் என்று நினைத்து வெட்டுகிறார்கள். எண் மட்டும் ஒன்று. நான் இப்படி அளந்து பார்ப்பதைக் கண்டு கடைக்காரப் பையன்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அன்று இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த நோன்பு மாதம் வேறு விதமாகக் கழிந்திருக்கும்.

நான் நோன்பு பிடிக்கத் தொடங்கினேன். சின்னப் பிள்ளைகள் நண்பகல் லுஹர் பாங்கு வரைக்கும் பிடித்தால் போதும், அதற்கே பெரியவர்கள் கொண்டாடுவார்கள். நான் லுஹரையும் தாண்டினேன். மீன் ஆணத்தின் வாசனை அடுப்படியிலிருந்து வரும்போது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். என் நிய்யத்து, மனதுக்குள் வைத்த எண்ணம், தோள் சுருங்க வேண்டும் என்பது. சாச்சிக்கு அது தெரியாது. இந்த வயதில் இப்படி ஒரு ஈமானா என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டார். நோன்பு திறக்கும்போது முதல் பேரீச்சம்பழத்தை எனக்குத்தான் தருவார். தம்பியோ என் தோள் சுருங்கிவிடுமோ என்று பயந்து, ஒளித்துவைத்த பிஸ்கட்டை எனக்குக் கொண்டுவந்து நீட்டினான்.

ஒருநாள் மாலை வாப்பா தலையைத் தட்டித் தவிட்டை உதறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"வாப்பா, நான் ஆம்புளப் புள்ளயா?"

வாப்பா சிரித்தார். என் தலையில் கையை வைத்து, "ஓம் மனெ, நீங்கதானே எண்ட மூத்த மகன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையையும் செல்லமாக மகன், மனெ என்றுதான் கூப்பிடுவார்கள். வாப்பா எந்த நாளும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தீர்ப்பாகக் கேட்டது. தம்பி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பெருநாளைக்குப் போட வாப்பா கல்முனை பஸாரில் எனக்கு இன்னொரு சட்டை எடுத்துத் தந்தார். கடைக்காரர் என்னைத் திருப்பி நிறுத்தி முதுகில் வைத்துப் பார்த்துக் கொடுத்தார். அது எனக்குச் சரியாக இருந்தது. கழுத்துக்குள் பார்த்தேன், எண் எதுவும் இல்லை. எண்ணே இல்லாத சட்டையை எப்படி நம்புவது?

ஆனால் படம் உம்மாவின் சட்டையில்தான் பிடிக்க வேண்டும். சாச்சி கத்தரிக்கோலை எடுத்து, பிஸ்மி சொல்லி, ரோஜா நிறச் சட்டையின் முதுகுத் தையலை மேலிருந்து கீழ் வரைக்கும் பிரித்தார். கழுத்துத் துண்டில் அறபு எழுத்து இருந்ததால் அதை வெட்டாமல் ஒரு பக்கத்தோடு விட்டார். பிறகு சட்டையை முன்பக்கமாக எனக்கு மாட்டி, பின்னால் இரண்டு பக்கத்தையும் என் உள்சட்டையோடு சேர்த்து ஊசிப்பின் குத்தினார். முன்னாலிருந்து பார்த்தால் நான் ஒரு பெண்பிள்ளை. பின்னால் திறந்து கிடந்தது.

கல்முனைக்கு பஸ்ஸில் போனோம். வழியில் சென்றியில், ஆமிக்காரர்கள் சோதிக்கிற இடத்தில், எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். கடற்காற்று முதுகுப்பக்கம் புகுந்து சட்டையைத் தூக்கியது. சாச்சி எனக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, தன் முக்காட்டுத் துணியால் என்னை மூடியபடி நடந்தார். ஒரு சிப்பாய் எங்களையே பார்த்தான். ஒரு பெண் ஏன் ஒரு சின்னப் பிள்ளையின் முதுகை இவ்வளவு கவனமாக மறைக்கிறார் என்று அவனுக்கு விளங்கியிருக்காது. சாச்சியைத் துணியை விலக்கச் சொன்னான். என்னைத் திருப்பிப் பார்த்தான். பின்களைப் பார்த்தான்.  பிறகு கையை அசைத்துப் போகச் சொன்னான்.

ஸ்டூடியோவில் அருவி வரைந்த திரைக்கு முன்னால் எங்களை நிறுத்தினார்கள். படம் பிடிப்பவர் என்னைத் தோளை இறக்கி, கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொன்னார். இறக்கினால் முதுகில் ஊசிப்பின் குத்தியது. அவர் வந்து தோளைப் பிடித்து இறக்கிவிட்டுப் போவார், அவர் கமராவுக்குப் போவதற்குள் அது தானாக ஏறிக்கொள்ளும். கடைசியில் அப்படியே எடுத்துவிட்டார். அந்தப் படத்தில் தம்பி, தனக்குச் சொந்தமில்லாத உடுப்பைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவனின் உற்சாகத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். நான் மழையில் நனைந்த கோழி போலக் குறுகி நிற்கிறேன்.

படம் சவூதிக்குப் போனது. சாச்சி சட்டையின் முதுகைப் பழையபடி தைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

லீவு விட்டது. சுன்னத்து வைக்கும் நாள் காலையில் வீடு நிறைய ஆட்கள். ஒஸ்தா மாமாவின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் நான் நெல் மூட்டைகளுக்கும் சுவருக்கும் இடையில் போய் நுழைந்துகொண்டேன். அங்கே எலி நாற்றம் அடித்தது. என் நெஞ்சு அடிக்கிற சத்தம் மூட்டைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. வெளியே தம்பியைத் தேடினார்கள். கிணற்றடியில் தேடினார்கள், மாமரத்தில் தேடினார்கள். என்னை யாரும் தேடவில்லை. அதுவே எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது.

அவனை மாமிதான் கண்டுபிடித்தார். பெண்கள் இருந்த அறையில், பாயின் ஓரத்தில், ரோஜா நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் சாச்சியின் முக்காட்டைச் சுற்றிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து மிக அடக்கமாக உட்கார்ந்திருந்தானாம். வீடே சிரித்தது. ஒஸ்தா மாமாவும் சிரித்தார். வாப்பா வந்து அவனைச் சட்டையோடு தூக்கினார். அவன் அழுதுகொண்டே சொன்னது மூட்டைக்குப் பின்னால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நான் இல்ல வாப்பா. ராத்தாதான். அவக்குத்தான் சேட்டு அளவு. மாமிதான் சொன்னாக, அவக்கு ஆம்புளத் தோள் எண்டு."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சிறிது நேரம் கழித்து மாமி வந்து மூட்டை இடுக்குக்குள் குனிந்து பார்த்தார். அவரைக் கண்டதும் நான் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

"வெளிய வாங்க மனெ. உங்களுக்கு ஒண்டும் செய்யமாட்டாங்க."

"எண்ட தோள் இன்னும் சுருங்கல்ல" என்றேன்.

 அந்த இடுக்குக்குள் மாமியின் உடம்பு நுழையாது, என்றாலும் கையை நீட்டி என் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த அறையில் தம்பியின் அழுகை எழுந்து அடங்கும் வரைக்கும் விடவில்லை. பிறகு தானே என்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோறு தீத்திவிட்டார்.

தம்பி நடக்கத் தொடங்கிய பிறகு உம்மாவிடமிருந்து ஒரு கெஸட் வந்தது. அப்போதெல்லாம் எழுதுவதைவிடப் பேசி அனுப்புவதுதான் வழக்கம். மாலையில் வாப்பா ரெக்கோடரைப் பாயின் நடுவில் வைத்தார். உம்மாவின் குரல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஸலாம் சொன்னது. பிறகு படத்தைப் பற்றிப் பேசியது.

"மகள் ஏன் ஒடம்பக் குறுக்கிக்கிட்டு நிக்கிறா? சுகமில்லையா? சட்டை சின்னமா? கடையில நான் பார்க்கிற இந்த வீட்டுப் புள்ளையத்தான் நிப்பாட்டி, அவட மேல வச்சிப் பார்த்தன். அவக்கு மூணு வயசு. நான் வரக்குள்ள எண்ட மகளும் அந்த அளவுதானே. முழங்காலுக்குக் கீழ வந்திச்சி. இவ்வளவுதான் வளர்ந்திரிப்பா எண்டு நினைச்சன். தம்பிட சேட்டுக்கு வச்சிப் பார்க்க ஆளில்ல, கடைக்காரன் வயசு கேட்டுத் தந்தான்."

பிறகு நாடா மட்டும் சுற்றியது. தூரத்தில் ஒரு சின்னப் பிள்ளை அறபில் ஏதோ கூப்பிட்டது. உம்மா அதற்கு அறபிலேயே பதில் சொன்னார். அந்தக் குரல் எங்களுக்கு ஸலாம் சொன்ன குரலைவிட மெதுவாக இருந்தது.

சாச்சி எழும்பி அடுப்படிக்குப் போனார். அங்கே அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. வாப்பா பாயின் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் மனம் லேசாகிவிட்டது. அப்படியென்றால் அந்தச் சட்டை எனக்கு எடுத்ததே இல்லை, வேறு ஒரு பிள்ளையின் அளவு. இதைக் கேட்டு எல்லோரும் சந்தோஷப்படாமல் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது.

பதில் பேசும்போது முதலில் தம்பி, தனக்குச் சுன்னத்து வைத்த கதையைத் தான் அழவே இல்லை என்று முடித்துச் சொன்னான். பிறகு வாப்பா மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"உம்மா, அந்தப் புள்ளைய நல்லாப் பாருங்க. அவ பொம்புளப் புள்ளதானா?" என்றேன்.

வாப்பா பொத்தானை அமுக்கினார். நாடாவைப் பின்னால் சுற்றினார்.

"அது வேணாம் மனெ. சட்டை அளவா இரிக்கி எண்டு சொல்லுங்க."

"அளவில்லையே வாப்பா."

"சொல்லுங்க மனெ."

உம்மாவிடம் படம் இருக்கிறது. நான் எப்படி நிற்கிறேன் என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டார், கேட்டும்விட்டார். பார்த்த ஒருவரிடம் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வாப்பாவும் விளக்கவில்லை. ரெக்கோடரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"சட்டை அளவா இரிக்கி உம்மா."

வாப்பா நாடாவைப் பின்னால் சுற்றிப் போட்டுக் கேட்டார். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் மறுபடியும் சுற்றினார், மறுபடியும் கேட்டார். வாயைக் கையால் மூடிக்கொண்டு, ரெக்கோடருக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து, இன்னொரு தரம் கேட்டார். மெஷின் ஒழுங்காகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.